ஆடிப் பதினெட்டு லாவோசில் விழுகிறது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வார இதழின் பயணச் சிறப்பிதழில் நாலு பக்கம் காலியாக இருந்தது. இந்தக் கதை பிறந்தது அதனால்தான். ஆசிரியர் சென்னையிலிருந்து கூப்பிட்டார். "ஒரு மாசம், நாலு நாடு, முதுகுல ஒரே ஒரு பை, குறைஞ்ச செலவு. எப்படித் திட்டம் போடறதுன்னு உங்க அனுபவத்துல இருந்து எழுதுங்க சார். கொஞ்சம் நையாண்டியா."

என் அனுபவம் தெற்கே சேலத்தில் முடிகிறது, வடக்கே ஓசூரில். பாஸ்போர்ட் கிடையாது. ஆனால் எழுத்தாளனிடம் அனுபவம் இருக்கிறதா என்று கேட்பது, கல்யாணப் பந்தி வாசலில் நிற்பவனிடம் பசிக்கிறதா என்று கேட்பது மாதிரி. யோசித்தால் அடுத்தவன் போய் உட்கார்ந்துவிடுவான். ஆகட்டும் என்றேன்.

அன்று மாலையே ஆரம்பித்தேன்.

"பயணம் என்பது வெளியே செல்வதல்ல, அது உள்ளே—"

[விட்டுவிட்டேன். இந்த வாக்கியத்தை முடித்தவர்கள் நாட்டில் ஏராளம். அத்தனை பேரும் மலையுச்சியில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டவர்கள்.]

"பாங்காக்கின் ஈரக்காற்று என் முகத்தில் அறைந்தபோது—"

[என் முகத்தில் அறைந்த ஆகப்பெரிய ஈரம் ஒகேனக்கல் சாரல். அதுவும் பரிசல்காரருக்கு என்மேல் ஏதோ கோபம்.]

மூன்றாவது தொடக்கத்தை எழுதவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஹபீபின் கடைக்குக் கிளம்பினேன்.

2

தர்மபுரி பேருந்து நிலையத்துக்கு எதிரே, கண்ணாடிக் கதவு போட்ட சின்ன விமான டிக்கெட் கடை ஹபீபுடையது. உம்ரா போகிறவர்கள், துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்கள், இவர்கள்தான் வாடிக்கை. கூரையிலிருந்து ஒரு கொக்கித் தராசு தொங்கும். கையோடு ஏழு கிலோதான் கொண்டுபோகலாம் என்று வாயால் சொன்னால் நம் ஆட்கள் பேரம் பேசுவார்கள். தொங்கவிட்டுக் காட்டினால் ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்துவிடுவார்கள்.

"நாலு நாடு, ஒரு மாசம். எவ்ளோ ஆவும் ஹபீப்?"

"போறதுக்கா, எழுதறதுக்கா?"

"எழுத."

"அப்ப ஒரு டீ செலவு. ஒக்காருங்க."

டீ வருவதற்குள் அவள் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. கழுத்தில் மஞ்சள் இன்னும் வெளுக்காத தாலிக்கயிறு. முதுகில் ஒரு பை. பள்ளிப் பையும் அல்ல, சந்தைப் பையும் அல்ல. அந்த ஊரில், அந்தக் கழுத்துக்குப் பின்னால், அந்தப் பையைப் பார்த்ததும் எனக்குள்ளே எழுத்தாளன் எழுந்து உட்கார்ந்தான். அவன் எழுந்தால் எனக்கு எப்போதும் கெட்ட நேரம்தான்.

அவளை மலர்விழி என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பெயரைப் போடக்கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. ஊர் பாப்பிரெட்டிப்பட்டி, அதை மட்டும் மாற்றவில்லை, மாற்றினால் பேச்சு மாறிவிடும். மாம்பழக்கூழ் ஆலையில் தரம் பார்க்கிற வேலை. வைகாசியில் கல்யாணம். புருஷன் முனிராஜ், நல்லம்பள்ளியில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார்.

"தொங்கவுடுங்கண்ணா" என்று பையைக் கழற்றிக் கொடுத்தாள். ஹபீப் கொக்கியில் மாட்டினார். ஏழுக்கு மேலே காட்டியது.

"என்னாம்மா இருக்குது உள்ள?"

"பொட்டுக்கடல மாவு, புளிக்காச்சலு. ரெண்டு வேள அது, ஒரு வேள அவுங்கூரு சாப்பாடு. அப்பதான் கணக்கு ஒதைக்காது."

"புளிக்காச்சல கொற. இல்ல, துணிய கொற."

"துணி ரெண்டு செட்டுதாங்கண்ணா இருக்குது."

அவள் புளிக்காச்சலைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். துணி ஒரு செட் வெளியே வந்தது. [உண்மையில் நடந்தது. நான் சேர்த்திருந்தால் இதைவிடக் கௌரவமான பொருளை வெளியே எடுத்திருப்பேன்.]

3

எங்கே போகிறாள், எப்போது, எப்படி என்று கேட்டேன். சொன்னாள். நான்தான் டீயைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

ஆடி மாதம் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். ஆடியில் கூடினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று காரணம் சொல்வார்கள். அந்த மாதம் மாப்பிள்ளை அழைக்காமல் மாமியார் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார். பெண் வாழப்போன வீட்டுக்கும் வேலைசெய்ய வேண்டாம். பிறந்த வீட்டிலோ விருந்தாளி. மாம்பழக்கூழ் ஆலையும் பருவம் முடிந்து ஆடியில் ஓய்ந்துவிடும்.

"ஒரு மாசம் என்னை யாரும் தேடமாட்டாங்க சார். பொறந்ததுல இருந்து இப்படி ஒரு மாசம் வந்ததில்ல, இனிமேலும் வராது. அடுத்த ஆடிக்கு கையில கொழந்த இருக்கும், இல்ல ஏன் இல்லேன்னு கேக்க ஆளுங்க இருப்பாங்க. அதான் போய்ட்டு வந்துடலாம்னு."

பெங்களூரிலிருந்து பாங்காக். அங்கிருந்து இரவு ரயிலில் லாவோஸ் எல்லை. பிறகு வியட்நாம் மேலிருந்து கீழ்வரை பஸ்ஸில். கடைசியில் மலேசியா, திரும்பி வீடு. தூரப் பயணம் எல்லாம் இரவில். அறை வாடகை மிச்சம். இடையில் ஒரே அறையில் பத்துக் கட்டில் போட்ட விடுதிகள். முக்கால்வாசி இடத்தில் மழைக்காலம், கூட்டம் வராது, எல்லாம் பாதி விலை. உலகத்தில் யாருக்கும் வேண்டாத மாதமும் பாப்பிரெட்டிப்பட்டியில் யாருக்கும் வேண்டாத மாதமும் ஒன்றாக விழுந்திருப்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள்.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. "வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"இல்லீங்க. எங்கம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும்."

"பொய் சொல்லிட்டா போறே?"

"பொய் சொல்லல சார். சொல்லல, அவ்ளோதான். சொன்னா வேணாங்கமாட்டாரு. நல்லவருதான். யோசிச்சு சொல்றேம்பாரு. அவுங்கம்மாவ கேப்பாரு. அவுங்கம்மா பெரிய மருமவள கேப்பாங்க. எல்லாரும் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள ஆவணி வந்துடும்."

அன்று ராத்திரி அவளைப் பாத்திரமாக்கத் தொடங்கினேன். இப்படி:

"ஆயிரமாண்டுச் சங்கிலிகளை அறுத்தெறிந்து, தன்னைத் தேடிப் புறப்பட்டாள் அந்த வேங்கை—"

மறுநாள் இதை ஹபீபின் கடையில் வைத்து அவளிடமே படித்துக் காட்டினேன். [எழுத்தாளர்களே, பாத்திரத்திடம் படித்துக் காட்டாதீர்கள்.]

"சங்கிலி யாருதுங்க சார்?"

"அது ஒரு உருவகம்மா. நீ உன்னைத் தேடிப் போறே இல்ல, அது."

"நான் தொலையவே இல்லீங்களே. ஊரு பாக்கப் போறேன். அவுங்க என்ன சாப்புடறாங்க, பஸ்ஸுல எப்படி எடம் புடிக்கறாங்க, மழ வந்தா மாடு எங்க கட்டறாங்கன்னு பாக்கணும். வேங்கைய எடுத்துடுங்க."

எடுத்துவிட்டேன். அவள் செய்ததைப் போல, துணியைக் குறைத்தால் புளிக்காச்சலுக்கு இடம் கிடைக்கிறது.

4

ஆகவே, வேங்கை இல்லாத வரைவு. இதை அப்படியே தருகிறேன். இதில்தான் விபத்து நடந்தது.

"ஆடி முதல் நாள். பாப்பிரெட்டிப்பட்டியில் தெருவுக்குத் தெரு தேங்காய் சுடுகிறார்கள். கண்ணைத் தோண்டி, உள்ளே வெல்லமும் எள்ளும் பொட்டுக்கடலையும் அடைத்து, குச்சியில் செருகி நெருப்பில் காட்டுகிறார்கள். ஓடு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவே மலர்விழி சுட்ட தேங்காயில் ஒரு சில்லைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் விடியலில் பெங்களூர் பஸ். பாங்காக்கில் இறங்கியபோது தேங்காய்ச் சில்லு இன்னும் புகை மணத்தது. ரயில். எல்லை. மெக்கோங் ஆறு அவள் நினைத்ததைவிட அகலமாக, நம் ஏரித் தண்ணீர் நிறத்தில், மரங்களை இழுத்துக்கொண்டு ஓடியது. படிக்கட்டில் உட்கார்ந்து பொட்டுக்கடலை மாவைக் கரைத்துக் குடித்தாள். அதே நேரம் இங்கே, ஆடிப் பதினெட்டு. அவள் அம்மா காவேரி, விருந்துக்கு வந்திருந்த மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து, கறிக்குழம்பு வைத்து, தலைவாழை இலையில் ஜோடியாக உட்காரவைத்து—"

ஜோடியாக.

பேனா நின்றது. [நான் இன்னும் பேனாவில்தான் எழுதுகிறேன். ஆசிரியருக்கு இது ஒரு பெருமை. தட்டச்சு செய்கிறவருக்கு ஒரு சாபம்.]

தலை ஆடி. கல்யாணமான முதல் ஆடிப் பெருக்குக்கு மாப்பிள்ளையை அழைத்து விருந்து வைக்காத வீடு இந்த மாவட்டத்தில் கிடையாது. ஆடியில் அவருக்குத் திறக்கிற கதவு அந்த ஒரு நாள்தான். அன்றைக்குப் பெண்ணுக்குத் தாலிக்கயிறு மாற்ற வேண்டும். இதை மண்வாசனைக்காகத் தூவுகிறேன் என்று நினைத்துத் தூவினேன். மண் கண்ணில் விழுந்துவிட்டது.

ஏனென்றால் நான் வரைவில் செய்த தவறை அவள் வாழ்க்கையில் செய்திருக்கிறாள். அவள் திட்டமிட்டது முழுக்க இங்கிலீஷ் தேதியில். ஆடி என்பது அவளுக்கு உள்ளே எதுவும் நடக்காத ஒரு முழு மாதம். ஹபீபைக் கூப்பிட்டேன்.

"டிக்கெட் போட்டாச்சா?"

"போட்டாச்சு. இருக்கறதுலயே மட்டமான டிக்கெட்டு. மாத்தவும் முடியாது, திருப்பிக் குடுக்கவும் மாட்டான். ஏன்?"

சொன்னேன்.

"சார், எனக்கு ஷவ்வால் தெரியும், துல்ஹஜ் தெரியும். ஆடி நீங்க பாக்கவேண்டியது. அந்தப் பொண்ணு முன்னாடி ரெண்டு நாளு ஒக்காந்து கேள்வி கேட்டீங்க. வேங்கைன்னீங்க. இத கேக்கலியா?"

5

காவேரியை இந்தக் கதையில் கொண்டுவரும் எண்ணமே எனக்கு இல்லை. பாத்திரங்கள் குறைவாக இருந்தால் பக்கம் மிச்சம். ஆனால் மறுநாள், ஹபீப் போனில் விஷயத்தைச் சொல்லியிருந்ததால், மகளோடு ஒயர் கூடையும் கையுமாக அவரே கடைக்குள் வந்து, எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, ஒனக்கு ஞாபகம் இல்லியா?" என்று பையை மறுபடி எடைபார்க்கக் கொக்கியில் மாட்டிக்கொண்டே மலர்விழி கேட்டாள். முகம் வாடிப்போயிருந்தது.

"ஏன் இல்லாம? பதினெட்டுக்கு நீ வந்து எலையில ஒக்காந்துட்டு, மறுக்கா போயிடுவேன்னு நெனச்சேன். உங்கொப்பன் அசாம்ல லோடு எறக்கிட்டு பண்டிகைக்கு வந்துட்டு போவல?"

மாதவராஜ், அவள் அப்பா, லாரி ஓட்டுகிறவர். இந்த நிமிடம் நாக்பூரில் எங்கோ இருந்தார்.

"லாரிக்கும் ப்ளேனுக்கும் வித்தியாசம் இருக்குதும்மா" என்றார் ஹபீப்.

"என்னா வித்தியாசம் பாய்? அவரு முப்பது வருசமா ஒரு பையத் தூக்கிகிட்டு மாசம் மாசம் போறாரு. ரோட்டுல சமைக்கிறாரு, கெடச்ச எடத்துல படுக்கறாரு. அதுக்கு யாரும் ஒரு பேரு வெக்கல. இவ போறதுக்கு மட்டும் பேக்பேக்கிங்னு இங்கிலீஷ்ல பேரு இருக்குது, பத்திரிகைல வேற எழுதறாங்களாம்." இது என்னைப் பார்த்து.

"பத்துப் பேரு ஒரே ரூம்ல படுப்பாங்களாம்மா, தெரியுமா?" என்றேன், பேச்சை மாற்ற.

"கல்யாண மண்டபத்துல படுக்கலியா சார் நீங்க?"

நான் பயணச் சிறப்பிதழுக்காகத் தயாரித்து வைத்திருந்த 'விடுதி வாழ்வின் தத்துவம்' என்ற பத்தி அங்கே செத்தது. அடக்கமும் அங்கேயே.

6

மாற்று முடிவுகளை அவர்கள் முன்னாலேயே அடுக்கினேன். என் தொழில் அது ஒன்றுதான்.

முடிவு அ. மலர்விழி போகவில்லை. டிக்கெட் காலாவதி ஆகிறது. ஆடி முழுக்க அம்மா வீட்டில் சீரியல் பார்க்கிறாள். விமர்சகர்கள் இதை யதார்த்தம் என்பார்கள்.

"அப்ப நான் எதுக்கு பைய தூக்கிகிட்டு தெனம் ஏரிக்கரையில நடந்து பழகுனேன்?" என்றாள் மலர்விழி. காவேரி கூடையை ஒரு முழங்காலிலிருந்து இன்னொரு முழங்காலுக்கு மாற்றினார். அ-வை அடித்துவிட்டேன்.

முடிவு ஆ. ஆடிப் பதினெட்டன்று அவளுக்கு அம்மை என்று சொல்லிவிடுவது. மாப்பிள்ளை தனியாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார்.

"ஆத்தா பேர்ல பொய் சொன்னா நெஜமாவே போடும்" என்றார் காவேரி. "அது மட்டுமில்ல சார். அந்தப் பையன் மொத விருந்துக்கு வர்றான். ஆசயா வருவான். அவனுக்கு சோத்த போட்டு, பொய்யையும் போட என் கையால முடியாது."

ஆ-வையும் அடித்தேன். [அடிக்கும்போது எனக்கு ஓர் ஆச்சரியம். அதுவரை முனிராஜ் என் கதையில் ஒரு தடை. 'ஆசயா வருவான்' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு ஆள். உதிரிபாகக் கடையைச் சாத்திவிட்டு, புதுச் சட்டை போட்டு, பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிற ஆள்.]

முடிவு இ. ஊரில் ஜோடி இலை போடுவது. ஒன்றில் மாப்பிள்ளை, இன்னொன்றில் போன். போனில் மெக்கோங். நவீனமும் மரபும் கைகோர்க்கும். ஆசிரியருக்கு ரொம்பப் பிடிக்கும்.

"எலையில போன வெக்கறதா?" என்றார் காவேரி. அதற்குமேல் அதைப்பற்றிப் பேச்சில்லை.

முடிவு ஈ என்னிடம் இல்லை. அது மலர்விழியிடம் இருந்தது.

"நான் சொல்லிடறேன்" என்றாள்.

"யார்கிட்ட?"

"அவருகிட்டதான். இப்பவே. யோசிச்சு சொல்றேன்னா, யோசிக்கட்டும். நான் பஸ்ஸு ஏறுறதுக்குள்ள யோசிச்சா சரி."

"வேணாம்னுட்டா?" என்றார் ஹபீப்.

அவள் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த பையை ஒரு தரம் பார்த்தாள். தொங்குகிற பை தானாகவே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு உவமை வரவேண்டும், வந்தது, விரட்டிவிட்டேன்.

7

போனை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டாள். காவேரி கேட்கட்டும் என்பதற்காக. எனக்காக அல்ல, ஆனால் நான் எழுந்துபோகவில்லை. மணி அடித்தது.

"மலரு, சாப்டியா?" பின்னால் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம்.

"சாப்டேங்க. ஒரு விசயம் சொல்லணும். இடையில பேசாதீங்க. ஆடி மாசம் நான் எங்க வூட்ல இருக்கமாட்டேன்." மூச்சு விடாமல் சொன்னாள். பாங்காக், ரயில், லாவோஸ், வியட்நாம், மலேசியா. தனியாக. டிக்கெட் போட்டாகிவிட்டது. ஆலையில் ஓவர்டைம் பார்த்த பணம். சொல்லாததற்குக் காரணம், அவங்க அம்மா, பெரிய மருமகள், ஆவணி, எல்லாவற்றையும். கடைசியில், குரல் இறங்கி: "பதினெட்டு அன்னிக்கு லாவோஸ்ல இருப்பேன். அத மறந்துட்டேன். அது மட்டும் தப்பு. மத்தது தப்பு இல்ல."

இரும்புச் சத்தம் நின்றது. ஹபீப் டீ டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடி இருந்தார்.

இந்த இடத்துக்காக நான் முனிராஜுக்கு ஆறேழு வசனம் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் கத்துகிறார். ஒன்றில் அழுகிறார். ஒன்றில் முற்போக்காகப் பேசுகிறார். அதுதான் இருப்பதிலேயே மோசம். அவர் எதையும் சொல்லவில்லை.

"அங்க ஆறு ஓடுதா?" என்றார்.

"ஆங்?"

"லாவோஸ்ல. பதினெட்டு அன்னிக்கு நீ இருக்கற ஊருல. ஆறு ஓடுதா?"

மலர்விழி அம்மாவைப் பார்த்தாள். "ஓடுதுங்க. பெருசு. மெக்கோங்குன்னு."

"தண்ணி வருமா அப்ப?"

"கர தொட்டு வருமாம்."

"சரி, அப்ப—"

ஹபீப் கை நீட்டி ஸ்பீக்கரை அணைத்தார். "சார், இது ஒங்களுக்கில்ல" என்றார். மலர்விழி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஆகவே, 'சரி, அப்ப' என்பதற்குப் பிறகு வந்த வாக்கியம் என்னிடம் இல்லை. இந்தக் கதையில் விட்ட மற்ற வாக்கியங்களை நான் விட்டேன். இதை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

8

கண்ணாடிக்கு அப்பால் ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே அவள் நடப்பது தெரிந்தது. அந்தக் கோடிவரை போனாள், திரும்பினாள். ஒரு தரம் நின்று தலையில் கை வைத்தாள். வெயிலுக்காகவும் இருக்கலாம். காவேரி கூடையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். மஞ்சள் கயிறு. எழுந்துபோய், தொங்குகிற பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, உள்ளே வைத்து மூடினார்.

"எதுன்னாலும் கயிறு மாத்தணுமில்ல. ஆறு எங்க ஓடுனா என்னா" என்றார்.

"யாரு மாத்திவிடுவாங்க அங்க?" என்று கேட்டேன். ஆவலில்தான் கேட்டேன். அவர் தராசைப் பார்த்தார். முள் அசையவேயில்லை, அவ்வளவு லேசான பொருள்.

[ஆசிரியர் இப்போதுதான் கூப்பிட்டார். முடிவு எங்கே என்றார். ஆடி இன்னும் பிறக்கவில்லை சார் என்றேன். வாசகர்களுக்கு உபயோகமாக ஒரு குறிப்பாவது வேண்டும் என்றார். இதோ: பொட்டுக்கடலை மாவு கெடாது. இரவு பஸ்ஸில் போனால் அறை வாடகை மிச்சம். திட்டம் போடும்போது சுவரில் கிழிக்கிற காலண்டரையும் ஒருதரம் பாருங்கள்.]

மலர்விழி உள்ளே வந்தாள். அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. அழுத முகமும் சிரித்த முகமும் வெயிலில் நடந்தால் ஒரே சிவப்பாகத்தான் வருகிறது. பையைக் கொக்கியிலிருந்து எடுத்து முதுகில் மாட்டினாள். வாரை இறுக்கினாள். பிறகு, போகிறபோக்கில் கேட்பதுபோல,

"ஹபீப் அண்ணா, புதுசா ஒருத்தருக்கு தட்கல்ல பாஸ்போர்ட் எடுத்தா, பதினெட்டுக்குள்ள கைக்கு வந்துடுமா?"

"அவசரமா போட்டா வரும். யாருக்கும்மா?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

அவள் பார்த்த நேர்க்கோட்டில், மடியில் காலிக் கூடையோடு காவேரி உட்கார்ந்திருந்தார்; அவருக்கும் பாஸ்போர்ட் கிடையாது. அவருக்குப் பின்னால் சுவரோரம் நான் நின்றிருந்தேன். நாலு நாட்டைப் பற்றி எழுதுகிறவன், எனக்கும் கிடையாது. எனக்குப் பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முனிராஜின் கடை இருக்கிற நல்லம்பள்ளிக்குப் போகிற பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. அவள் கண் எங்கே போய் நின்றது என்று நான் நின்ற இடத்திலிருந்து சொல்ல முடியாது.

நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து தெரிகிறதா?